ஆர்என்ஏ-சீக் செய்ய முன்கூட்டியே கருதுகோள் வேண்டுமா? கமிட்டியில் எழுந்த கேள்வி

கல்லீரல்ஆய்வு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். உயிர்வேதியியலில் பிஎச்டி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கொழுப்பு மிகுந்த தீவனம் கொடுத்து வளர்க்கும் எலிகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரும், அதுதான் எங்கள் மாடல். ஒரு தாவரச் சேர்மத்தைத் தீவனத்தோடு சேர்த்துக் கொடுத்தால் அந்தக் கொழுப்பு நன்றாகக் குறைகிறது. திசு வெட்டுகளில் கண்ணாலேயே பார்க்க முடிகிறது, ட்ரைகிளிசரைடு (கொழுப்பு) அளவும் அதையே சொல்கிறது. எப்படிக் குறைகிறது என்பதுதான் தெரியவில்லை.

என் கைடு, "ஆர்என்ஏ-சீக் போட்டுவிடுவோம், எந்த ஜீன் மாறுகிறது என்று அதுவே காட்டிவிடும்" என்கிறார். திசுவில் எந்தெந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று எல்லா ஜீன்களையும் ஒரே முறையில் ஆர்என்ஏவை வைத்து அளப்பதுதான் ஆர்என்ஏ-சீக். இருக்கிற நிதியில் 12 சாம்பிள்களைச் சாதாரண ஆழத்தில் சீக்வென்ஸ் செய்யலாம், அல்லது 6 சாம்பிள்களை மிக ஆழமாக (ஒவ்வொன்றிலும் நிறைய ஆர்என்ஏ துண்டுகளைப் படித்து) செய்யலாம். அவருக்கு இரண்டாவதுதான் விருப்பம்: 3 கன்ட்ரோல் (சேர்மம் தராத ஒப்பீட்டு எலிகள்), 3 மருந்து (சேர்மம் தின்றவை).

இதை டாக்டரல் கமிட்டியில் சொன்னபோது ஒரு மூத்த பேராசிரியர், "உங்கள் கருதுகோள் என்ன?" என்று கேட்டார். இனிமேல்தான் தெரியும் என்றேன். "கேள்வியே இல்லாமல் தரவை அள்ளிக்கொண்டு வருவதை நான் ஆராய்ச்சி என்று ஏற்க மாட்டேன். 20,000 ஜீனை அளந்தால் ஏதாவது நாலு மாறித்தான் இருக்கும், அதை வைத்து ஒரு கதை எழுதிவிடுவீர்கள்" என்றார். அங்கே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் ஜீனோமிக்ஸ், ப்ரோட்டியோமிக்ஸ் (எல்லா ஜீன்களையும், எல்லாப் புரதங்களையும் அளக்கும் துறைகள்) எல்லாமே முதலில் முழுசாக அளப்பது, அப்புறம் கேள்வி கேட்பது என்றுதானே வளர்ந்தன? அவர் சொல்வது பழைய காலத்துப் பார்வையா, அல்லது நான்தான் எதையாவது தவறவிடுகிறேனா? சாம்பிள் எதுவும் இன்னும் அனுப்பவில்லை, எலிகளைக்கூட இன்னும் தொடங்கவில்லை, எனவே எதையும் மாற்றலாம்.

---

மரபுவழி (பதில்)

பேராசிரியரின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் கருதுகோள் முதலில் வந்தே ஆக வேண்டும் என்ற வாதத்தை மனித மரபியல் ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது, அதில் கருதுகோள் தரப்புதான் மோசமாகத் தோற்றது. கமிட்டியில் பேச இந்த வரலாறு உங்களுக்குப் பயன்படும்.

1990களில் ஒரு நோய்க்கு மரபணு தேடுபவர்கள், அந்த நோயின் உயிரியலைப் படித்து, இதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு ஜீனை முன்பே தேர்ந்தெடுத்து, சில நூறு பேரிடம் சோதிப்பார்கள். மனச்சோர்வுக்கு செரோட்டோனின் கடத்திப் புரதத்தின் ஜீன், எஸ்எல்சி6ஏ4. நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்துகளே அந்தப் புரதத்தைத்தான் தடுக்கின்றன, இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? கட்டுரைகள் குவிந்தன. 2019-இல் மனச்சோர்வோடு தொடர்புபடுத்தப்பட்டு வந்த 18 பிரபல ஜீன்களை லட்சக்கணக்கானோரின் தரவில் வைத்துச் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய ஜீன்களைவிட அவை எந்த விதத்திலும் மேல் இல்லை. அந்த ஆய்வுகளில் கருதுகோள் இருந்தது, காரணம் இருந்தது, சோதனை இருந்தது, ஆனால் சாம்பிள் எண்ணிக்கையும் கண்டிப்பும் இல்லை.

இன்னொரு பக்கம், எந்த ஜீன் என்றே சொல்லாமல் முழு ஜீனோமையும் தேடிய ஆய்வுகள். 2005-இல் வயதானவர்களுக்கு வரும் விழித்திரை மையச் சிதைவுக்கு 96 நோயாளிகள், 50 மற்றவர்கள், இவ்வளவு சின்னக் கூட்டத்தை வைத்தே காம்ப்ளிமென்ட் ஃபேக்டர் எச் என்ற ஜீனைப் பிடித்தார்கள். விளைவு பெரிதாக இருந்ததால் அவ்வளவு போதுமாக இருந்தது, எல்லா நோயிலும் அப்படி அமையாது. உயரத்தைப் பற்றிய 2022 ஆய்வுக்கு 54 லட்சம் பேர் தேவைப்பட்டார்கள், கிடைத்தவை 12,111 மரபு வேறுபாடுகள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பிசிஎல்11ஏ. கருவில் இருக்கும்போது உடல் தயாரிக்கும் ஹீமோகுளோபின் சிலருக்குப் பெரியவர்களான பிறகும் ஓரளவு நீடிக்கிறது. ஏன் என்று முழு ஜீனோமையும் தேடியபோது, 2007, 2008-இல் இந்த ஜீன் வந்து நின்றது. அதுவரை இதை வெள்ளையணுக்கள், லிம்போமா சார்ந்த ஜீனாகத்தான் தெரியும், ஹீமோகுளோபினோடு சேர்த்து யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 2008-லேயே ஆய்வகச் சோதனைகள் இது கருக்கால ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் புரதம் என்று காட்டின, 2013-இல் சிவப்பணு முன்னோடிகளில் மட்டும் அதை இயக்கும் டிஎன்ஏ துண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அந்தத் துண்டை கிரிஸ்பர் என்ற ஜீன் வெட்டும் கருவியை வைத்து உடைக்கும் அரிவாள் செல் நோய் சிகிச்சைக்கு 2023 இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. முதல் அடியில் கருதுகோள் கேட்டிருந்தால் இந்த வழியே திறந்திருக்காது.

ஆனால் ஒன்று. இந்தத் துறை எதையும் தேடலாம் என்ற சுதந்திரத்தோடு ஒரு கடுமையான விதியையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது. சுமார் 10 லட்சம் தனித்தனிச் சோதனைகள் செய்வதற்குச் சமம் என்பதால் பி-மதிப்பு (உண்மையில் எதுவும் இல்லாமலே தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 0.05 செல்லாது, அதைப் பத்து லட்சத்தால் வகுத்து 0.00000005-க்குக் கீழே வர வேண்டும். அப்புறம் வேறொரு மக்கள் கூட்டத்திலும் அது திரும்பத் தெரிய வேண்டும். கமிட்டியில் "எங்களுக்குக் கருதுகோள் தேவையில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். தேடலில் கிடைப்பதை எந்த விதியால் வடிகட்டப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

பழையபிப்பெட் (பதில்)

மரபுவழி சொன்ன வரலாறு சரி. ஆனால் பிசிஎல்11ஏ கதையில் 2008-க்கும் 2023-க்கும் நடுவில் நடந்ததை அவர் இரண்டு வரியில் தாண்டிவிட்டார், நான் அங்கேதான் நிற்க விரும்புகிறேன். தேடல் ஜீனைச் சுட்டிக்காட்டியது. அது என்ன செய்கிறது, எங்கே உடைத்தால் மற்ற செல்கள் கெடாமல் இருக்கும் என்பதையெல்லாம் செல்லிலும் எலியிலும் சோதித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

சுட்டிக்காட்டுவதே சில சமயம் தப்பான வீட்டைக் காட்டும். 2007-இல் உடல் பருமனோடு எஃப்டிஓ ஜீனில் உள்ள வேறுபாடுகள் தொடர்புடையவை என்று வந்தது. தொடர்பு மிக உறுதியானது, பல கூட்டங்களில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. எனவே பருமனுக்கு எஃப்டிஓதான் காரணம் என்று எத்தனையோ ஆய்வகங்கள் அந்தப் புரதத்தின் பின்னால் போயின. 2014-இலும் 2015-இலும் வந்த வேலைகள், அந்த வேறுபாடுகள் எஃப்டிஓவுக்குள் உட்கார்ந்திருந்தாலும் பல லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் தள்ளியிருக்கும் ஐஆர்எக்ஸ்3, ஐஆர்எக்ஸ்5 ஜீன்களைத்தான் இயக்குகின்றன என்று காட்டின. புள்ளிவிவரத்தில் எந்தப் பிழையும் இல்லை. இடத்தைச் சொன்னதே தவிர, வேலையைச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2016-இல் ஒரு பாக்டீரியாவின் ஜீனோமை உயிர்வாழத் தேவையான அளவுக்குச் சுருக்கி, 473 ஜீன்கள் மட்டும் உள்ள செல்லை உருவாக்கினார்கள். ஒவ்வோர் எழுத்தும் தெரியும், அவர்களே எழுதியது. அதில் 149 ஜீன்கள் என்ன செய்கின்றன என்று அப்போது தெரியவில்லை. முழுப் பட்டியல் கையில் இருப்பதும் புரிந்துகொள்வதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரத்தை நான் பார்த்ததில்லை.

சரி, உங்கள் எலிகளுக்கு வருகிறேன். நான் உங்கள் கமிட்டியில் இருந்திருந்தால் கருதுகோள் என்ன என்று கேட்பதற்கு முன் வேறொன்றைக் கேட்டிருப்பேன் அம்மா: மருந்து தின்னும் எலிகள் மற்ற எலிகள் அளவுக்கே தீவனம் தின்கின்றனவா? தாவரச் சேர்மங்கள் பலவும் கசக்கும். கசந்தால் எலி குறைவாகத் தின்னும், குறைவாகத் தின்றால் கல்லீரல் கொழுப்பு தானாகவே குறையும். அப்போது ஆர்என்ஏ-சீக் என்ன காட்டும் தெரியுமா? கொழுப்பு அமிலத்தை எரிக்கும் ஜீன்கள் ஏறியிருக்கும், சிபிடி1ஏ, ஏசிஓஎக்ஸ்1 மாதிரி பிபிஏஆர்-ஆல்ஃபா என்ற, கொழுப்பு எரிப்பை முடுக்கும் புரதத்துக்குக் கட்டுப்பட்டவை. கொழுப்பைத் தயாரிக்கும் எஃப்ஏஎஸ்என் இறங்கியிருக்கும். பார்ப்பதற்கு அருமையான மருந்து மெக்கானிசம் போலவே இருக்கும், ஆனால் அது பசியில் இருக்கும் எந்தக் கல்லீரலும் செய்கிற வேலை. பாத்வே (சேர்ந்து வேலை செய்யும் ஜீன்களின் தொடர்) ஆய்வு மென்பொருளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அது பிபிஏஆர் பாத்வே என்று முதல் வரியில் போட்டுக் கொடுக்கும்.

இதற்கு வழி பழையது, எளியது. மருந்து எலி நேற்று எவ்வளவு தின்றதோ அந்த அளவை மட்டுமே இன்று கன்ட்ரோல் எலிக்குக் கொடுங்கள். பேர்-ஃபெட் கன்ட்ரோல் என்பார்கள். 20,000 ஜீனை அளப்பதற்கு முன்னால் தீவனத்தைத் தராசில் வைத்து அளந்துவிடுங்கள்.

---

எண்ணும்எழுத்தும் (பதில்)

பத்து வருடங்களாக மற்றவர்களின் ஓமிக்ஸ் (இப்படி மொத்தமாக அளந்த) தரவை ஆராய்ந்து கொடுப்பதுதான் என் வேலை. கருதுகோள் விவாதத்தை விட்டுவிட்டு டிசைனைப் பற்றி நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் உங்கள் பதிவில் எனக்குக் கவலை தந்தது "3 கன்ட்ரோல், 3 மருந்து, மிக ஆழமாக" என்ற இடம்தான்.

முதலில் அதை மாற்றுங்கள். ஆழம் கூடக் கூட ஒரே எலியைத்தான் இன்னும் துல்லியமாக அளக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது எலிக்கு எலி எவ்வளவு மாறுபடும் என்பது, அதற்கு எலிகளின் எண்ணிக்கைதான் வேண்டும். 2016-இல் வந்த ஓர் ஈஸ்ட் ஆய்வு இதைப் பிரமாதமாகச் சோதித்தது: ஒரு ஜீனை நீக்கிய ஈஸ்ட்டையும் இயல்பான ஈஸ்ட்டையும் தலா 48 ரெப்ளிகேட் (தனித்தனி மறுசாம்பிள்) எடுத்து, பிறகு அவற்றிலிருந்து 3, 6, 12 என்று பொறுக்கிப் பார்த்தார்கள். 3 ரெப்ளிகேட் வைத்தால், முழுத் தரவில் மாறியதாகத் தெரிந்த ஜீன்களில் பெரும்பாலான கருவிகள் 20 முதல் 40 சதவீதத்தை மட்டுமே பிடித்தன. குறைந்தது 6 வையுங்கள் என்பது அவர்களின் பரிந்துரை. அது கட்டுப்படுத்தி வளர்த்த ஈஸ்ட், எலி இன்னும் கூடுதலாக ஆடும். 12 சாம்பிளுக்கு நிதி இருக்கிறது என்றால் 6, 6 என்று போங்கள், சாம்பிளுக்கு 2 கோடி ரீட் (படித்த ஆர்என்ஏ துண்டு) போதும் உங்கள் தேவைக்கு.

பேராசிரியர் சொன்ன "ஏதாவது நாலு மாறித்தான் இருக்கும்" என்பதைக் கணக்காகவே சொல்லலாம். 20,000 ஜீனில் எதுவுமே உண்மையில் மாறவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 0.05 என்ற வரம்பில் சுமார் 1,000 ஜீன்கள் மாறியதாகத் தெரியும். அதனால்தான் தவறான கண்டுபிடிப்பு விகிதம், எஃப்டிஆர், 1995-இல் பெஞ்சமினியும் ஹோக்பெர்க்கும் கொடுத்த முறையில் திருத்துகிறோம். இதை மென்பொருளே செய்துவிடும், அதனால் இது எனக்குப் பெரிய கவலை இல்லை.

மென்பொருள் காப்பாற்றாத விஷயம் பேட்ச், அதாவது எந்தெந்தச் சாம்பிளை ஒரே தொகுதியாகக் கையாண்டோம் என்பது. கன்ட்ரோல் எலிகளை ஒரு நாளும் மருந்து எலிகளை இன்னொரு நாளும் எடுத்தால், அல்லது ஆர்என்ஏவை வேறு வேறு கிட்டில் பிரித்தால், அல்லது சீக்வென்சரில் வேறு வேறு ஓட்டத்தில் போட்டால், கிடைக்கும் வித்தியாசம் மருந்துடையதா நாளுடையதா என்று பிரிக்க எந்தச் சூத்திரமும் கிடையாது. டிஈசீக்2 என்ற ஆய்வு மென்பொருளில் பேட்சைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. பேட்ச்களில் இரண்டு குழுக்களும் கலந்திருந்தால்தான் அது வேலை செய்யும். முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் சேர்த்தும் பயனில்லை.

இது சின்ன ஆய்வகங்களுக்கு மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. 2014-இல் ஒரு பெரிய கூட்டுத் திட்டத்தின் கட்டுரை, மனிதத் திசுக்களும் எலித் திசுக்களும் ஜீன் வெளிப்பாட்டில் திசுவாரியாக அல்லாமல் உயிரினவாரியாகச் சேர்கின்றன என்று சொன்னது. அதாவது எலியின் கல்லீரல் மனிதக் கல்லீரலைவிட எலியின் மூளைக்கு நெருக்கம்! ஆச்சரியமான முடிவு. மறு வருடம் யோவ் கிலாடும் ஓர்னா மிஸ்ராகி-மானும் அந்தத் தரவுக் கோப்புகளில் ஒவ்வொரு ரீட்டின் பெயரிலும் பதிந்திருந்த இயந்திர எண்ணையும் லேன் (இயந்திரத்துக்குள் சாம்பிள் ஓடிய தடம்) எண்ணையும் படித்து, எந்தச் சாம்பிள் எப்போது எதில் ஓடியது என்று கட்டிப்பார்த்தார்கள். பெரும்பாலும் மனிதச் சாம்பிள்கள் ஒரு பக்கம், எலிச் சாம்பிள்கள் ஒரு பக்கம். அந்த விளைவைக் கழித்துப் பார்த்தால் திசுக்கள் திசுவாரியாகவே சேர்ந்தன. மூல ஆசிரியர்கள் அதை ஏற்கவில்லை, விவாதம் நீண்டது. ஆனால் டிசைனே சரியாக இருந்திருந்தால் விவாதமே வந்திருக்காது. அதற்கு முன், நூறு வயது தாண்டியவர்களின் மரபணுக்கள் பற்றி 2010-இல் வந்த கட்டுரையும் இப்படித்தான், சாம்பிள்களை வேறு வேறு ஜீனோடைப்பிங் (மரபு வேறுபாடுகளை அளக்கும்) சிப்களில் அளந்ததால் வந்த பிழைகள் தெரியவந்து 2011-இல் திரும்பப் பெறப்பட்டது.

கல்லீரலுக்கு என்று இருக்கும் தனிப் பொறிகளையும் சொல்லிவிடுகிறேன். அதன் ஜீன்கள் கடிகாரத்தைப் பின்பற்றுகின்றன. எலியின் 12 உறுப்புகளை 24 மணி நேரச் சுழற்சியில் அளந்த 2014 ஆய்வில் தினச் சுழற்சி காட்டிய ஜீன்கள் அதிகம் கிடைத்தது கல்லீரலில்தான், 3,000-க்கும் மேல். எனவே காலையில் கன்ட்ரோலை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் மருந்துக் குழுவை எடுத்தால், நீங்கள் அளப்பது கடிகாரத்தை. இரண்டு குழுவிலிருந்தும் மாறி மாறி ஒவ்வொன்றாக எடுங்கள். அப்புறம் கூண்டு. ஒரே கூண்டில் இருக்கும் எலிகள் ஒன்றின் மலத்தை இன்னொன்று தின்னும், குடல் நுண்ணுயிர்கள் ஒன்றாகிவிடும், கல்லீரலுக்கு வருகிற ரத்தத்தில் பெரும்பகுதி குடலிலிருந்துதான். 6 எலியும் ஒரே கூண்டு என்றால், 6 ரெப்ளிகேட் என்று கணக்கில் எழுதினாலும் பல விஷயங்களில் அது ஒன்றுதான்.

ஜீன் பட்டியலை எக்செல்லில் மட்டும் திறந்து சேமிக்காதீர்கள். செப்2, மார்ச்1 மாதிரியான ஜீன் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். 2016-இல் எண்ணிப் பார்த்தபோது, எக்செல் பட்டியல் இணைத்த ஜீனோமிக்ஸ் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020-இல் மனித ஜீன்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. இதைவிடப் பெரிய சேதமும் நடந்திருக்கிறது: புற்றுநோய் மருந்துகளுக்கு யார் கட்டுப்படுவார்கள் என்று கணிக்கும் ஜீன் பட்டியல்களை 2009-இல் பேகர்லியும் கூம்ப்ஸும் சரிபார்த்தபோது, பட்டியல் ஒரு வரிசை தள்ளிப் பதிவாகியிருந்ததைக் கண்டார்கள். அந்தக் கணிப்பை நம்பி நோயாளிகள் மருத்துவச் சோதனையில் சேர்க்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எனவே மூலத் தரவிலிருந்து கடைசிப் படம் வரைக்கும் ஸ்கிரிப்டாகவே எழுதிவையுங்கள், இன்னொருவர் ஓட்டினால் அதே விடை வர வேண்டும்.

---

கல்லீரல்ஆய்வு (கேட்டவரின் பதில்)

மூவருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. முதல்கட்டச் சோதனையில் கூண்டு வாரியாகத் தீவனம் எடை போட்டிருந்தோம். இப்போது எடுத்துப் பார்த்தால் மருந்துக் குழு கொஞ்சம் குறைவாகவே தின்றிருக்கிறது, எல்லா வாரமும் இல்லை, ஆனால் முதல் சில வாரங்களில் தெளிவாகத் தெரிகிறது. பழையபிப்பெட் ஐயா சொன்னதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது மூன்று குழு தேவைப்படுகிறது: இஷ்டத்துக்குத் தின்னும் கன்ட்ரோல், பேர்-ஃபெட் கன்ட்ரோல், மருந்து. 12 சாம்பிளை மூன்றாகப் பிரித்தால் 4, 4, 4தான் வரும், 6 வேண்டும் என்கிறார் எண்ணும்எழுத்தும். என் சீனியர் ஒருவர், குழுவுக்கு நிறைய எலி வைத்து ஆர்என்ஏவை ஒன்றாகக் கலந்து அனுப்பினால் செலவு மிச்சம் என்கிறார். அது சரியா? அப்புறம் முடிவை க்யூபிசிஆரில் (ஒவ்வொரு ஜீனாக ஆர்என்ஏவை அளக்கும் முறை) சரிபார்த்தால் போதும்தானே?

---

எண்ணும்எழுத்தும் (பதில்)

கலக்க வேண்டாம். கலந்த சாம்பிளில் சராசரி மட்டும் மிஞ்சும், எலிக்கு எலி உள்ள வேறுபாடு தொலைந்துவிடும். அந்த வேறுபாட்டை வைத்துத்தான் எந்த மாற்றத்தை நம்பலாம் என்றே சொல்ல முடியும். ஓர் எலி மட்டும் விசித்திரமாக இருந்தால்கூடத் தெரியாது.

அதே ஆர்என்ஏவில் க்யூபிசிஆர் செய்வது அளவுகோலைச் சரிபார்ப்பது, கண்டுபிடிப்பைச் சரிபார்ப்பது ஆகாது. தற்செயலாக அந்த 6 எலிகளில் கூடுதலாக இருந்த ஜீன், அதே 6 எலியில் க்யூபிசிஆரிலும் கூடுதலாகத்தான் இருக்கும். புதிய எலிகள் வேண்டும்.

---

பழையபிப்பெட் (பதில்)

மூன்று குழுவையும் வளருங்கள், ஆனால் மூன்றையும் சீக்வென்ஸ் செய்ய வேண்டியதில்லை. இஷ்டத்துக்குத் தின்னும் குழுவுக்கு எடை, ட்ரைகிளிசரைடு, திசு வெட்டு போதும், அது மாடல் சரியாக வேலை செய்ததா என்று சொல்லும். ஆர்என்ஏ-சீக் மருந்துக்கும் பேர்-ஃபெட்டுக்கும் மட்டும், 6, 6. மற்றதன் கல்லீரலை மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள், நிதி வந்தால் பார்க்கலாம். பேர்-ஃபெட் எலிகள் ரேஷனை ஒரே மூச்சில் தின்றுவிட்டு மீதி நேரம் பட்டினி கிடக்கும், எனவே பிரித்துப் பிரித்துக் கொடுங்கள், இல்லையென்றால் எண்ணும்எழுத்தும் சொன்ன கடிகாரப் பொறியில் வேறு வழியாக விழுவீர்கள்.

இன்னொன்று, எப்போது எடுக்கப் போகிறீர்கள்? 12 வாரம் கழித்து, ஒரு குழுவுக்குக் கொழுப்புக் கல்லீரல், இன்னொன்றுக்கு இல்லை என்ற நிலையில் எடுத்தால் ஆயிரக்கணக்கில் ஜீன்கள் மாறியிருக்கும். கொழுப்பு குறைந்ததால் மாறியவை எவை, கொழுப்பைக் குறைத்தவை எவை என்று அதில் பிரிக்க முடியாது. தவிர, கொழுப்பு ஏறிய கல்லீரலில் அழற்சி செல்கள் வந்து குடியேறும், ஒரு ஜீன் ஏறியதாகத் தெரிவது ஹெபடோசைட் (கல்லீரலின் முக்கிய செல்) மாறியதாலா, கூட வந்த மாக்ரோஃபேஜ் என்ற அழற்சி செல்களாலா என்றும் தெரியாது. கொழுப்பின் அளவில் வித்தியாசம் தெரியத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முதலில் சின்ன அளவில் வாரவாரியாக ட்ரைகிளிசரைடு அளந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

---

புரதமடிப்பு (பதில்)

தாமதமாக வருகிறேன், ஒரு விஷயம் மட்டும். இஷ்டம்போல அள்ளிய தரவு வேறு, ஒழுங்காக எழுதிவைத்த தரவு வேறு. ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணினி நிரல் புரதங்களின் வடிவத்தைக் கணித்து 2024-இல் நோபல் வரை போனதற்கு, 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் சோதனை மூலம் கண்டறிந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் ஒரே ஒழுங்கில் சேர்ந்திருந்தது ஒரு பெரிய காரணம். ஒவ்வொன்றையும் யாரோ தனக்கென்று ஒரு கேள்வியோடு வருடக்கணக்கில் உழைத்துக் கண்டறிந்தார்கள், அதைப் பொதுவில் வைத்தார்கள். மனித ஜீனோம் திட்டத்தில் 1996-லேயே சீக்வென்ஸ்களை 24 மணி நேரத்துக்குள் வெளியிட வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்களே, அதே மனப்பான்மை.

உங்கள் 12 சாம்பிள் சின்னதுதான். ஆனால் ஜிஇஓ என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றும்போது எலியின் பால், வயது, கூண்டு எண், எடுத்த நேரம், தீவனம் தின்ற அளவு, ஆர்என்ஏ பிரித்த நாள் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றுங்கள். "கன்ட்ரோல் 1, கன்ட்ரோல் 2" என்று மட்டும் எழுதிவிட்டுப் போன தரவை மறுபடி பயன்படுத்தவே முடிவதில்லை, இதனால் எத்தனையோ நல்ல சோதனைகள் வீணாகக் கிடப்பதைப் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். அப்புறம், புதிதாகத் தொடங்குவதற்கு முன் ஜிஇஓவில் பட்டினி எலிகளின் கல்லீரல் தரவைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முடிவு பசியைப் போல இருக்கிறதா என்று ஒப்பிட அது உதவும், செலவும் இல்லை.

---

மரபுவழி (பதில்)

கமிட்டிக்கு என்ன சொல்வது என்ற கேள்விக்கு இப்போது உங்களிடமே பதில் இருக்கிறது. கொழுப்பு குறைய மூன்று வழிகள் எழுதிவையுங்கள்: எரிப்பது கூடுகிறது, தயாரிப்பது குறைகிறது, குடலில் உறிஞ்சுவது குறைகிறது. முதல் இரண்டுக்கும் எந்த ஜீன்கள் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று தரவைப் பார்ப்பதற்கு முன்பே தேதியிட்டு எழுதுங்கள். மூன்றாவதைக் கல்லீரல் ஆர்என்ஏவில் உறுதியாகப் பிடிக்க முடியாது, அதற்கு மலத்தில் உள்ள கொழுப்பை அளக்க வேண்டும், அது ஆர்என்ஏ-சீக்கைவிட மலிவு. இந்த மூன்றிலும் சேராத ஏதாவது எஃப்டிஆர் வரம்பைத் தாண்டி வந்தால் அதைப் புதிய கருதுகோளாக மட்டும் எடுத்துக்கொண்டு, வேறு எலிகளில் சோதிப்போம் என்று சொல்லுங்கள். பேராசிரியருக்கு அவர் கேட்ட கேள்வி கிடைக்கும், உங்கள் கைடுக்கு அவர் விரும்பிய திறந்த தேடலும் கிடைக்கும்.

---

கல்லீரல்ஆய்வு (கேட்டவரின் பதில்)

கைடிடம் பேசிவிட்டேன். முதலில் மலக் கொழுப்பையும், எலிக்கு ஒரு கூண்டு என்று வைத்துத் தீவன எடையையும் பார்த்துவிடுவோம், அதுவரை சீக்வென்சிங் ஆர்டரை நிறுத்தி வைப்போம் என்று ஒத்துக்கொண்டார். 6, 6 என்பதற்கும் சரி சொல்லிவிட்டார், ஈஸ்ட் ஆய்வை எடுத்துக் காட்டினேன். தனிக் கூண்டில் வைத்தால் எலிக்கு மன அழுத்தம் வருமே, அதுவே கல்லீரலைப் பாதிக்காதா என்று கேட்கிறார், அதற்கு யாரிடமாவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

---

பழையபிப்பெட் (பதில்)

நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். தனிமையும் குளிரும் இரண்டும் எலியின் வளர்சிதை மாற்றத்தைத் தொடும், கூட்டமாக இருந்தால் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு சூடாக இருக்கும். கூண்டுக்கு இரண்டிரண்டாக வையுங்கள், இரண்டும் ஒரே குழுவாக இருக்கட்டும், தீவனத்தைக் கூண்டுக்கு அளந்து இரண்டால் வகுங்கள், கூடு கட்டிக்கொள்ளத் தாராளமாகப் பஞ்சு போடுங்கள். சீக்வென்சிங்குக்கு ஒவ்வொரு கூண்டிலிருந்தும் ஒரே ஓர் எலி, எது என்பதை முன்கூட்டியே குலுக்கல் முறையில் முடிவு செய்துவிடுங்கள். குழுவுக்கு 6 கூண்டு, 6 சாம்பிள். மீதி 6 எலி புதிய எலிகளில் சரிபார்க்க வேண்டும் என்றோமே, அதற்கு ஆகாது, கூண்டு அதேதான். அதற்குத் தனியாக அடுத்த தொகுதி வளர்க்க இப்போதே நெறிமுறைக் குழுவிடம் எண்ணிக்கை கேட்டு வைத்துவிடுங்கள்.